ஐந்து ஓம் என்று ஒட்டிய சீட்டு

எங்கள் பள்ளியின் பிசிக்ஸ் லேபில் மின்சாரத்துக்கு வேலையே கிடையாது. மீட்டர்கள் இருந்தன, பேட்டரி எலிமினேட்டர் இருந்தது, ஒயர்கள் சிக்குப் பிடித்த தலைமுடிபோல ஒரு டிராயரில் கிடந்தன. ஆனால் இவற்றை நம்பி ஒருவரும் ரீடிங் எழுதியதில்லை. பதினோராம் வகுப்பில் சேர்ந்த முதல் வாரத்திலேயே சீனியர்கள் ஞானோபதேசம் செய்துவிட்டார்கள். ரீடிங் எடுப்பது முட்டாள்களின் வேலை. ரீடிங்கை 'குக்' பண்ண வேண்டும்.

சமையல் சுலபம். ஓம் விதிச் சோதனையில், மரப்பலகையில் கட்டிய ஒரு கம்பியின் மின்தடையை அளக்க வேண்டும். பலகையின் ஓரத்திலேயே 'ஐந்து ஓம்' என்று சீட்டு ஒட்டியிருக்கும். விடையைக் கேள்வியின் முதுகிலேயே ஒட்டிவைத்த புண்ணியவான் யாரோ தெரியாது. கரண்ட் 0.2 ஆம்பியர் என்று எழுதிக்கொண்டு ஐந்தால் பெருக்கினால் வோல்டேஜ் 1. கரண்ட் 0.3 என்றால் வோல்டேஜ் 1.5. எல்லாமே கச்சிதமாக வந்தால் சந்தேகம் வரும் என்பதால் ஓரிடத்தில் 1.45 என்று போட வேண்டும். யோக்கியமாகத் தெரிவதற்கென்றே ஒரு பிழை. இந்தக் கலையில் வகுப்பிலேயே நான்தான் கெட்டிக்காரி. பாதி வகுப்பு என் நோட்டைப் பார்த்துத்தான் ஈயடிச்சான் காப்பி அடித்தது.

எங்கள் சார் சிவப்பு மையில் கையெழுத்துப் போடுவதோடு சரி. ஒரு வருஷம் முழுக்க நான் வோல்ட்மீட்டரைத் தப்பான இடத்தில் மாட்டியிருந்தேன். அம்மீட்டர் முள் அசையவே இல்லை. என் நோட்டில் பத்துக்குப் பத்து.

பன்னிரண்டாம் வகுப்பில் திருநெல்வேலியிலிருந்து ஒருத்தி வந்து சேர்ந்தாள். அவள் அப்பாவுக்கு டெல்லிக்கு மாற்றல். லக்ஷ்மிபாய் நகரில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு இரண்டு பிளாக் தள்ளி வீடு. ஹிந்தி சுத்தமாக வராது, ஆங்கிலம் தடுக்கும். காலேஜில் பிசிக்ஸ் ஹானர்ஸ் படிக்க வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்குக் கனவு. தியரி பேப்பரில் ஆங்கிலம் காலை வாரும் என்று அவளுக்கே தெரியும். அதனால் பிராக்டிகலின் முப்பது மார்க்கைத்தான் மலைபோல நம்பியிருந்தாள். பதிவேட்டில் என் பெயருக்கு முந்தைய பெயர் அவளுடையது. கருவிகள் போதாத லேபில் இரண்டு பேருக்கு ஒரு செட் என்பதால் அவள் என் தலையில் வந்து விழுந்தாள்.

அவள் நிஜமாகவே அளந்தாள். ஒயர் முனையை மணல்தாளில் தேய்ப்பாள், முள்ளுக்கு நேராகக் குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பாள். நாங்கள் கேண்டீன் போய்த் திரும்பும்போதும் இரண்டாவது ரீடிங்கில்தான் நிற்பாள். விஞ்ஞானி மேடம் என்று நான்தான் பட்டம் வைத்தேன். அவளுக்குக் கோபம் வரவில்லை என்பதில் எனக்கு இன்னும் எரிச்சல்.

ஒருநாள் என் இணைப்பைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"வோல்ட்மீட்டர் கம்பிக்குப் பக்கத்துல நின்னு பாக்கணும்டீ. நீ வழிய மறிச்சுல்லா நிறுத்திருக்க. கரண்ட் எப்பிடிப் போவும்?"

ஒயரைக் கழற்றி, கம்பியின் இரண்டு முனைகளிலும் வோல்ட்மீட்டரை மாட்டிக் கொடுத்தாள். கரண்டைக் கூட்டிக் குறைக்கும் ரியோஸ்டாட்டை மெதுவாகத் தள்ளச் சொன்னாள். ஒரு வருஷமாகச் செத்துக்கிடந்த முள் எழுந்தது. ஒரு வோல்டுக்கு 0.2, இரண்டு வோல்டுக்கு 0.4. மின்சாரத்தைத் தள்ளுகிற வோல்டேஜ் இரட்டித்தால் ஓட்டமும் இரட்டிக்கிறது. கம்பி தன் குணத்தை மாற்றிக்கொள்வதில்லை. நான் நூறு தரம் எழுதிய பொய் என் கண்ணெதிரே உண்மையாக நடந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். மறுவாரம் மறுபடி சமையலுக்குத் திரும்பிவிட்டேன். அளக்க முக்கால் மணி நேரம் ஆகிறது, சமைக்க ஐந்து நிமிஷம்.

பிப்ரவரியில் போர்டு பிராக்டிகல். எல்லா மேஜைக்கும் ஓம் விதிதான் வந்தது. பழைய பலகை, அதே ஐந்து ஓம் சீட்டு. நான் இரண்டு கைகளையும் ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொண்டு மனத்துக்குள்ளேயே ரீடிங்கை முடித்து, பென்சிலில் எழுதியும் வைத்தேன். அவள் அளந்தாள். 0.1 ஆம்பியருக்கு 0.9 வோல்ட். 0.2க்கு 1.8. 0.3க்கு 2.65. இணைப்பை எல்லாம் பிரித்து மறுபடி மாட்டினாள். அதே எண்கள் வந்தன.

"ஒம்பதுல்லா காட்டுது. அஞ்சுன்னு எப்பிடி எழுத?" என்றாள். குரல் நடுங்கியது.

எனக்கு அந்த நடுக்கம் பிடித்திருந்தது. இத்தனை நாள் முள்ளை முள்ளைப் பார்த்தவளுக்கு நல்லா வேணும் என்றுதான் நினைத்தேன். வகுப்பே ஐந்து என்று எழுதும், ஒன்பது என்று நீ ஒருத்தி எழுதினால் மார்க் போய்விடும், ஊரோடு ஒத்து வாழ் என்று புத்தி சொன்னேன்.

"ஸ்கூல்ல ஒட்டின சீட்டு தப்பா இருக்குமா? ஜல்தி அழி."

அழித்தாள். என் தாளைப் பார்த்து ஐந்துக்குத் தோதான எண்களை எழுதிக்கொண்டாள். அவள் யாரையும் பார்த்து எழுதியது அதுதான் முதல் தடவை.

வெளிப்பள்ளியிலிருந்து வரும் எக்ஸாமினர்கள் பொதுவாக சமோசா தின்றுவிட்டு, சார் கண்ணால் காட்டுகிறவர்களுக்கு மார்க் போட்டுவிட்டுப் போவார்கள். இந்த மனுஷர் கைப்பையில், மின்தடையை நேரடியாகக் காட்டும் ஒரு மல்டிமீட்டர் கொண்டுவந்திருந்தார். முதலில் கூப்பிட்டது அவளை. தாளைப் பார்த்தார், பலகையை எடுத்து வரச் சொன்னார், மல்டிமீட்டரைக் கம்பியின் இரண்டு முனைகளிலும் வைத்தார். ஒன்பது ஓம். முந்தின நாள் அறுந்துபோன கம்பிகளுக்குப் பதிலாக லேப் அட்டெண்டர் பையா கையில் கிடைத்ததைக் கட்டிவிட்டு, சீட்டைத் தொடாமல் விட்டுவிட்டார் என்பது பிறகு தெரிந்தது. இந்த ரீடிங் எல்லாம் எங்கிருந்து வந்தது என்று எக்ஸாமினர் ஹிந்தியில் கேட்டார். அந்த அளவு ஹிந்தி அவளுக்குப் புரிந்தது. நான் மூன்றடி தள்ளி நின்றிருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. நானேதான் எழுதினேன் சார் என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

அதற்குள் என் ரப்பர் வேலையைத் தொடங்கிவிட்டது. 0.9, 1.8, 2.65. மனப்பாடம் எனக்கு எப்போதும் நன்றாக வரும். மற்ற மேஜைகளிலும் பதறினார்கள்; பாவம், அவர்களுக்குத் திருடுவதற்கு ஒன்றுமில்லை. அவளை வெளியே அனுப்பிவிட்டு என் தாளைப் பார்த்த எக்ஸாமினரின் முகம் மலர்ந்தது. வகுப்பில் கையால் அளந்து பார்த்த பெண் இவள் ஒருத்திதான் என்று சாரிடம் சொன்னார். சார், எல்லாம் நான் கொடுத்த பயிற்சி என்பதுபோல நெஞ்சை நிமிர்த்தினார். என்னைவிட வெட்கங்கெட்ட ஒரு ஆள் அந்த அறையில் இருந்தார் என்றால் அது அவர்தான்.

பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். அழவில்லை. "நான் அளந்தது சரிதான், பாத்தியா?" என்றாள். பிறகு, "நீயும் அஞ்சுதான எழுதின? ஒனக்கும் போயிருக்கும்லா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமா" என்றேன்.

மே மாதம் மார்க் ஷீட் வாங்கப் பள்ளிக்குப் போனோம். எங்கள் பெயர்கள் அடுத்தடுத்து இருந்ததால், கிளார்க் இரண்டு தாள்களையும் சேர்த்து அவள் கையில் கொடுத்துவிட்டார். அவளுக்கு பிராக்டிகலில் பன்னிரண்டு. பிசிக்ஸ் ஹானர்ஸ் அந்த இடத்திலேயே முடிந்துபோனது. அடியில் இருந்த என் தாளையும் எடுத்து, விரலை வைத்து அந்த வரியைத் தேடினாள். முப்பதுக்கு முப்பது. என் தாளைக் கசங்காமல் என்னிடம் நீட்டினாள், நானும் கூசாமல் வாங்கிக்கொண்டேன்.