துங் கைஷான் சொன்ன பொய்

பெக்கிங் நகரத்து நாணயச் சாலையில் துங் கைஷான் உலைக்காரர். செம்பையும் துத்தநாகத்தையும் உருக்கி மணல் அச்சில் ஊற்றுவது அவர் வேலை. இருபத்திரண்டு வயதில் உள்ளே போனவர், நாற்பத்தெட்டிலும் அதே உலையின் முன்தான் நின்றார். ஊரில் யாரும் அவரைத் திரும்பிப் பார்த்ததில்லை.

சக்கரவர்த்தியின் அறுபதாம் பிறந்தநாளுக்கென்று தனிக் காசு வார்த்த வருஷத்தில்தான் அவருக்கு மவுசு வந்தது. அந்தக் காசு வழக்கத்தைவிட மஞ்சளாக மின்னியது. அதில் ஓர் எழுத்துக்கு ஒரு கோடு குறைச்சல். புத்தரின் சீடர்கள் பதினெட்டுப் பேரின் பொற்சிலைகளை உருக்கிச் சேர்த்திருக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு.

உலையில் என்ன விழுந்தது என்று கைஷானுக்குத் தெரியும். செம்பு, துத்தநாகம், கொஞ்சம் ஈயம். ஆனாலும் சாராயக் கடையில் ஒருவன் கோப்பையை நிரப்பிவிட்டு, "அண்ணே, நெசமாவே சிலைய உருக்குனாங்களா?" என்று கேட்டபோது அவர் வாய் சும்மா இருக்கவில்லை.

"நானே தள்ளுனேன்யா. பதினேழும் மெழுகு மாதிரி கரைஞ்சுது. கடைசிச் சிலை மட்டும் மூணு நாளா கண்ண மூடல. என்னையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு."

கடையே வாயைப் பிளந்தது.

அவருடைய ஒரே மகள் யுன்ஹே, கெங் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். வெறுங்கையோடு வந்தவள் என்று மாமியார் ஓயாமல் இடித்துக்கொண்டிருப்பாள். மகள் கர்ப்பமானதும் கைஷான் அந்தக் காசு ஒன்றைச் சிவப்பு நூலில் கோத்து எடுத்துப் போனார். சிலைக் கதையையும் சேர்த்துக் கொடுத்தார். மாமியார் இரண்டு கைகளாலும் வாங்கித் தலைக்குமேல் தூக்கி வணங்கினாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் முதல் கிண்ணம் கஞ்சி யுன்ஹேவுக்கு.

"அப்பா, இப்ப எல்லாரும் என்கிட்ட நல்லா பேசுறாங்க" என்றாள் மகள், வாசல்வரை வந்து.

வசந்தத்தில், மஞ்சள் புழுதிக் காற்று அடித்த ஒரு காலையில் ஆள் வந்தது. யுன்ஹேவுக்கு வலி எடுத்து இரண்டாம் நாள். கைஷானும் மனைவியும் ஓடினார்கள். மனைவி உள்ளே போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் மருத்துவச்சி வெளியே வந்தாள். "பிள்ள குறுக்க கெடக்கு. என்னால ஆகாது. வைத்தியரக் கூப்பிடுங்க."

"எதுக்கு?" என்றாள் மாமியார். "அவ கையில அந்தக் காசு இருக்கு. பதினெட்டுப் பேரும் பக்கத்துல நிக்கிறாங்க. வைத்தியன் வந்தா கோச்சுக்கிட்டுப் போயிருவாங்க."

கைஷான் முற்றத்தில் மண்டியிட்டார். "சம்பந்தியம்மா, அதுல ஒண்ணுமில்ல. நான்தானே ஊத்துனேன். சிலையே வரல. சும்மா பெருமைக்குச் சொன்னது."

"மக வலியப் பார்த்து உங்களுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு."

"சத்தியமா பொய்ம்மா!"

"கடைசிச் சிலை கண்ண மூடலன்னு சொன்னப்ப உங்க கண்ணுல தண்ணி நின்னுச்சு. நானே பார்த்தேன். அதுவும் பொய்யா? மொதல்ல வாயக் கழுவுங்க."

மாப்பிள்ளை அம்மாவையும் மாமனாரையும் மாறி மாறிப் பார்த்தானே தவிர நகரவில்லை. உள்ளேயிருந்து யுன்ஹேவின் குரல் மெலிந்து வந்தது. "அப்பா, காச இறுக்கிப் பிடிச்சிருக்கேன். பயப்படாதீங்க."

கைஷான் தெருவில் ஓடினார். வைத்தியர் கோட்டை வாசலுக்கு வெளியே ஒரு நோயாளியைப் பார்க்கப் போயிருந்தார். அங்கேயும் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தபோது மதியம் தாண்டிவிட்டது. வைத்தியர் யுன்ஹேவின் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே வைத்தார். பிள்ளையும் போய்விட்டது.

மாமியார் வாசலில் நின்று கதறினாள். "பெத்த அப்பனே பொய்யின்னு சொல்லி அந்தப் பதினெட்டுப் பேரையும் வெரட்டிட்டான்!" தெரு முழுக்க அதை நம்பியது.

வீடு திரும்பும் வழியில் மனைவி ஒரே ஒரு தடவை பேசினாள். "பொய்யின்னு என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம். அவ கையில காசு நழுவ நழுவ நான்தான் வெரல மடக்கி மடக்கிப் பிடிக்க வச்சேன்."

கைஷான் அதற்குப் பிறகும் பதினோரு வருஷம் உலையில் நின்றார். சாராயக் கடையில் கேட்டவர்களிடமெல்லாம் உண்மையைச் சொன்னார். அவர்கள் அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, அவர் நகர்ந்ததும் புதிதாக வந்தவனிடம், "பாவம், சிலைய உருக்குன பாவம் மகளக் கொண்டுபோயிருச்சு" என்பார்கள்.