மிஷன் வீட்டுக்கு வந்த தாய்

வெருகல் பக்கத்தில் மிஷன் நடத்தும் சிறுமியர் இல்லத்துக்குத் தயாளினிதான் பொறுப்பு. சுனாமியில் தாய் தகப்பனைப் பறிகொடுத்து, சின்னப் பிள்ளையாக இதே இல்லத்துக்கு வந்து சேர்ந்தவள். படித்து முடித்த பிறகும் போக ஒரு வீடு இல்லாததால் இங்கேயே தங்கிவிட்டாள். அதில் அவளுக்குக் குறையொன்றும் இல்லை. தன்னைத் தேடி ஒருவரும் வரவில்லையே என்ற ஒன்றுதான் உள்ளே கிடந்து அரித்தது.

அந்தக் கார்த்திகையில் மழை விடவேயில்லை. வெருகல் கங்கை கரையை உடைத்துக்கொண்டு வயல்களுக்குள் பாய்ந்தது. ஊரில் மாடி வைத்த கட்டடம் மிஷன் ஒன்றுதான். விடிந்ததும் சனம் வரத் தொடங்கிற்று. மிஷன் போதகர் திருகோணமலைக்குப் போன இடத்தில் அகப்பட்டுக்கொண்டு, அங்கிருந்து போன் எடுத்தார்.

"கதவைத் திறந்துவிடுங்கோ தயாளினி. ஆர் எவரெண்டு பாக்கவேண்டாம்" என்றார். அதோடு போன் செத்துப்போனது.

செபமண்டப வாசலில் இராசையா என்ற பெரியவர் முருகன் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தயங்கி நின்றார்.

"இதை உள்ளுக்குக் கொண்டு வரலாமோ பிள்ளை?"

"நனையாத இடமாப் பாத்து வையுங்கோ ஐயா."

மத்தியானம்போல, இடுப்பளவு தண்ணீரில் கைக்குழந்தையைத் தூக்கிப் பிடித்தபடி சிவாஜினி வந்தாள். இல்லத்தில் வளரும் லோஜினியின் தாய். புருஷன் செத்த பிறகு மகளை இங்கே விட்டுவிட்டுக் கந்தளாய்க்கு வேலைக்குப் போனவள், பிறகு எட்டிப் பார்க்கவேயில்லை. இன்னொருவரைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊரிலேயே குடியிருந்தாள் என்பது இப்போதுதான் தெரியவந்தது.

லோஜினி படிக்கட்டில் நின்று வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். தாயைப் பார்த்தாள். தாயின் கையிலிருந்த குழந்தையையும் பார்த்தாள். தட்டத்தைக் கீழே வைத்துவிட்டு மேலே ஏறிப் போனாள்.

பின்னேரம் கீழ்த்தளத்துக்குள்ளும் தண்ணீர் வந்துவிட்டது. எல்லோரும் மாடிக்கு ஏறினார்கள். தாய் ஒரு மூலையில், மகள் மறு மூலையில். தயாளினிக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"போய் அம்மாவோட இரு லோஜி."

"ஏலாது அக்கா."

"பெத்த தாயெல்லோ! என்னைத் தேடி ஒருத்தரும் வரேல்ல, தெரியுமோ?"

லோஜினி நிமிர்ந்து பார்த்தாள். "என்னைத் தேடியும் வரேல்ல அக்கா. வெள்ளத்துக்குத்தான் வந்தவ."

தயாளினிக்கு முகத்தில் அறைந்ததுபோல இருந்தது. தன் ஆசையைத் தூக்கி இந்தப் பிள்ளையின் தலையில் வைக்கிறேனோ என்று அப்போதுதான் உறைத்தது.

அடுத்த நாள் குழந்தைக்குக் காய்ச்சல் நெருப்பாய்க் காய்ந்தது. பால் குடிக்கவில்லை, உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. கிண்ணியாவிலிருந்து படகோடு வந்து சனத்தை ஏற்றிக்கொண்டிருந்த கலீலுர் றஹ்மானைத் தயாளினி மாடியிலிருந்து கத்திக் கூப்பிட்டாள்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறன் தங்கச்சி. தண்ணி கடுமையா இழுக்குது. தாயும் புள்ளையும் மட்டும் ஏறட்டும்" என்றார் அவர்.

படகில் ஏறும்போது சிவாஜினி திரும்பிப் பார்த்தாள். "லோஜி, உன்னைக் கூட்டிப் போக வருவன்."

படகு நகர்ந்த பிறகுதான் லோஜினி பல்கனிக்கு ஓடி வந்தாள்.

"தங்கச்சிக்கு என்ன பேர்?"

"மேனுஜா!" என்ற குரல் இயந்திர இரைச்சலோடு கலந்து வந்தது.

தண்ணீர் வடிந்து, ஊர் சேறும் செத்த மாடுமாய்க் கிடந்தபோது சிவாஜினி திரும்பி வந்தாள். குழந்தை தேறியிருந்தது. வீடு போய்விட்டது. வெள்ளத்துக்கு முன்னமே வேலை தேடிப் போன புருஷனிடமிருந்தும் ஒரு சேதியும் இல்லை.

"எனக்கு இருக்க இடமில்லை மிஸ். பிள்ளையைத் தாங்கோ எண்டு எந்த வாயால கேப்பன்?" என்று அழுதாள்.

வீடிழந்த மற்றவர்களோடு அவளும் செபமண்டபத்தில் தங்கட்டும் என்று போதகர் சொல்லிவிட்டார். இன்றுவரை அங்கேதான் இருக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டதும் லோஜினி மண்டபத்துக்குப் போய், மேனுஜாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நடக்கிறாள். தாயோடு கதைப்பதில்லை. "அம்மாவோட கதை" என்று தயாளினி அவளை வற்புறுத்துவதுமில்லை. சிவாஜினி தூணில் சாய்ந்து, இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.