சிறகு முளைக்காத சம்பாதி

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணிக்கு மல்லாங்கிணற்றில் டவுன் பஸ் ஏறினேன். பெண்களுக்கு இதில் டிக்கெட் காசில்லை. ஆனாலும் சீட்டைக் கிழித்துக் கையில் கொடுப்பார்கள்.

"எங்க பாட்டி, காலங்காத்தால?" என்றார் கண்டக்டர்.

"பாட்டி உங்க வீட்டுல இருப்பாக. விருதுநகரு ஒண்ணு குடுங்க. அங்கயிருந்து சிவகாசி போறேன், நாடகத்துக்கு ஆள் எடுக்க."

"நீங்க நடிக்கப் போறீகளா?"

"ஆள் எடுக்கன்னு சொன்னேன்."

அவர் சிரித்துக்கொண்டே அடுத்த சீட்டுக்குப் போனார். சிரிக்கட்டும். எழுத்து எனக்குக் கூட்டிக் கூட்டித்தான் வரும். ஆனால் ராமாயணமும் பாரதமும் முதலிலிருந்து கடைசிவரை வாயில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் புரட்டாசி வந்தால் என்னைத்தான் கதை சொல்லக் கூப்பிடுவார்கள். அதனால்தான் என் தங்கச்சி மகள் வேலம்மாளும் கூப்பிட்டிருந்தாள். அவளுக்குச் சிவகாசிக்குக் கிழக்கே, சாத்தூர் சாலையில் ஒரு சிறிய ஊர். அவள் தெருப் பெண்கள் எல்லாரும் பட்டாசுக் கம்பெனி வேலைக்காரர்கள். அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு இந்த வருஷம் ஆட்டம்பாட்டம் வேண்டாம், நம் கதையை நாமே நாடகமாகப் போடலாம் என்று முடிவு செய்திருந்தார்கள். கதை கம்பெனிக் கதை. ஆட்கள் புராணத்து ஆட்களாக இருக்க வேண்டும். யார் யாராக வருவது என்று நான் சொல்ல வேண்டும்.

விருதுநகருக்குப் பதிமூன்று கிலோமீட்டர் இருக்கும். ஏழு மணிக்கு முன்பே இறங்கிவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் பதினைந்து ரூபாய்க்கு ஒரு காபி, சூடு போதாது. சிவகாசி பஸ்ஸில் டிக்கெட் இருபத்தைந்து. ஆமத்தூர் தாண்டியதும் தரை மாறிவிடுகிறது. கருவேலங்காட்டுக்கு நடுவே கம்பி வேலி, வேலிக்குள் பட்டாசுக் கம்பெனிகளின் சின்னச் சின்ன அறைகள். நாம் வீடு கட்டினால் சுவரோடு சுவர் சேர்த்துக் கட்டுவோம். இங்கே ஒரு அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் அவ்வளவு வெற்றிடம், அதில் வேப்பமரங்கள். ஒன்றில் தீப் பிடித்தால் அடுத்ததில் பிடிக்கக் கூடாதாம். பக்கத்தில் இருந்த அம்மா வாழைக்காய் விலை சொல்வதுபோல் இதைச் சொன்னார்.

சிவகாசியிலிருந்து ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். ஒன்பது மணிக்கு வேலம்மாள் வீட்டில் இருந்தேன். இட்லி தின்று முடிப்பதற்குள் பத்துப் பெண்கள் வந்து கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். கம்பெனி லீவு நாள்தான். ஆனாலும் கைகள் சும்மா இல்லை, பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டே பேசினார்கள். அதில் பேச்சியம்மாள் என்ற ஒருத்தி. வாய் என்றால் அதுதான் வாய்.

முதலாளிக்கு ராவணன் என்றேன்.

"பெரியம்மா, பொங்கலன்னைக்கு முதலாளி முன்வரிசையில உக்காந்திருப்பாக," என்றாள் பேச்சி. "பத்துத் தலையோட ஒருத்தரக் கூட்டியாந்து இவருதான் நீங்கன்னு காட்டுனா, மறுநா எங்களுக்கு எங்கன வேலை இருக்கும்?"

அப்புறம் யோசித்து தசரதன் என்றேன். நல்ல மனுசன், வாக்குக் கொடுத்துவிட்டு முழிக்கிறவர்.

"அதான், அதேதான்! ஆர்டருக்கு வாக்குக் குடுத்துட்டு நம்ம உசுர வாங்குவாக."

ஆள் பிடிக்கிற ஏஜெண்டுக்குச் சகுனி வேண்டும் என்றார்கள். நான் விடவில்லை. பாரதத்து ஆளை ராமாயணத்துக்குள் நுழைய விடமாட்டேன் என்று கண்டித்துச் சொன்னேன்.

"சீசன் நேரத்துல வெளியூரு ஆளத்தான் எடுக்குறாக, பெரியம்மா. சகுனி ஒரு மாசம் வந்துட்டுப் போகட்டுமே," என்றாள் பேச்சி.

கூடமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சகுனியை உள்ளே விட்டேன்.

கதாநாயகியை நான் வீட்டிலேயே முடிவு செய்து வைத்திருந்தேன். கம்பெனிப் பெண்தான் சீதை. கடைசியில் தீ பிடிக்கிறது. அவள் தீக்குள் இறங்கி, தலையில் வைத்த பூ வாடாமல் வெளியே வருகிறாள். அதைக் குரல் ஏற்றி இறக்கி நன்றாகவே சொன்னேன். எங்கள் ஊரில் அந்த இடத்தில் பெண்கள் கைகூப்புவார்கள். இங்கே உருட்டுகிற கைகள் நின்றன, ஒருத்தியும் நிமிரவில்லை.

கதவோரம் தலையோடு முக்காடு போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முனீஸ்வரி என்று அப்புறம் தெரிந்தது. அவள்தான் பேசினாள்.

"பெரியம்மா, பத்தினின்னா தீ சுடாதோ?"

"சுடாது தாயி."

அவள் முக்காட்டை விலக்கினாள். இடது காது இல்லை. கழுத்திலிருந்து முழங்கைவரை தோல் சுருங்கி, மெழுகு ஓடி உறைந்ததுபோல் இருந்தது.

"என்னையச் சுட்டுருச்சே. பத்தினியா இருந்தா சுட்டிருக்குமான்னு என் மாமியா ஒருநா கேட்டாக. இப்ப நீங்க மேடையேத்தி ஊரையும் கேக்க வைக்கணுமா?"

எழுந்து போய்விட்டாள்.

மதியம் பேச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் கம்பெனியில் ஒரு அறையில் வெடிமருந்து பற்றிக்கொண்டது. முனீஸ்வரி வாசல் பக்கம்தான் இருந்தாளாம், ஓடியிருக்கலாம். உள்ளே இருந்த பேச்சியின் தங்கச்சி மேல் கவிழ்ந்து மூடிக்கொண்டாள். தங்கச்சிக்கு ஒரு பொட்டுக் காயமில்லை. முனீஸ்வரி அதிலிருந்து தெருமுனையைத் தாண்டுவதில்லை. இந்தக் கூட்டத்துக்கே இன்றைக்குத்தான் வந்தாள்.

"அவ மேடையில நின்னு ஊரப் பாக்கணும் பெரியம்மா. அதுக்குத்தான் இம்புட்டு நாடகமும். இன்னைக்கு விட்டா இனி வரமாட்டா."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு முனீஸ்வரி வீட்டுக்கு நடந்தேன். பேச்சியும் வந்தாள். முனீஸ்வரி வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. நின்றபடியே சம்பாதி கதையைச் சொன்னேன். அண்ணன் கழுகு சம்பாதி, தம்பி சடாயு. இரண்டு பேரும் சூரியன் வரை பறந்தார்கள். தம்பி கருகப் போகிற நேரம் அண்ணன் மேலே சிறகை விரித்து மூடினான். தம்பி பிழைத்தான், அண்ணன் சிறகு எரிந்து மலையில் விழுந்தான். பிற்பாடு சீதை இருக்கிற இடத்தைப் பார்த்து, தேடி வந்த வானரங்களுக்குச் சொன்னது அந்தச் சம்பாதிதான்.

கேட்டுவிட்டு அவள் முகத்தைச் சுளித்தாள்.

"ஆம்பளக் கழுகா?"

"மீச வரஞ்சிரலாம்டி," என்றாள் பேச்சி.

"போடி கூறுகெட்டவளே, கழுகுக்கு ஏது மீச." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்புறம் அந்தச் சிறகு என்னாச்சு பெரியம்மா?"

"ராம நாமத்தக் கேட்டதும் முளைச்சிருச்சு."

"அப்ப எனக்கு வேண்டாம். கடைசியில அட்டச் சிறகக் கட்டிவிடுவீக. அவுத்து வச்சிட்டு இதே கையோடதான வீட்டுக்கு வரணும்?"

எனக்குக் கோபம் வந்தது. ஐம்பது வருஷமாக நான் சொல்லிச் சொல்லி முளைத்த சிறகு. கேட்டவர்கள் கண்ணைத் துடைத்த இடம். அதை வெட்டச் சொல்ல இவள் யார் என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு அந்தக் கையைப் பார்த்தேன்.

"கதைய நான் வெட்டமாட்டேன்," என்றேன். "ஆனா முளைக்கிறதுக்கு முன்னாடியே நாடகத்த முடிச்சிருவோம். நீ பாத்ததச் சொல்லு. அதோட திரை."

"என்னத்தச் சொல்ல?"

"அன்னைக்கு என்ன நடந்துச்சோ, அத."

அவள் வாசல்படி இறங்கித் தெருவுக்கு வந்தாள். எதிர் வீட்டில் இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். முக்காட்டைப் போடக் கை போனது, பாதியில் நின்றது.

"மருந்துத் தட்ட இழுத்தாக. தூக்கி வச்சிருக்கணும். அவசரம், இழுத்துட்டாக. தரையில உரசிப் பத்திக்கிருச்சு." தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள். "இழுக்காதீக. எதையும் இழுக்காதீக. தூக்கி வைங்க."

பேச்சி போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"சிறகு முளைக்காதுல்ல?" என்று முனீஸ்வரி மறுபடி கேட்டாள்.

"முளைக்காது."

"அப்ப வாரேன்."

நாலரை மணி பஸ்ஸில் திரும்பினேன். வீடு சேரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். எங்கள் ஊரில் எதையும் இழுத்துத்தான் வைப்போம். மிளகாய் மூட்டையை, கட்டிலை, விறகுக் கட்டை. இழுத்தால் தரையில் ஒரு கோடு விழும், அவ்வளவுதான். எவ்வளவு பெரிய வசதி அது என்று எனக்கு இத்தனை வயதுவரை தெரியாது. வாசலில் கிடந்த மூட்டையை உள்ளே கொண்டுபோக ஒரு கையால் பிடித்தேன். பிடித்தபடியே நின்றுவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாகத் தூக்கி உள்ளே வைத்தோம்.