பழக்கடை ரோஸ்மேரி அக்காவுக்கு ஆகாத பழங்கள்

ரோஸ்மேரி அக்கா இறந்துவிட்டார்.

இன்று விடியற்காலையில், தங்கச்சிமடத்தில் அவர் வீட்டிலேயே. நெஞ்சை அடைக்கிறது என்று மகளிடம் சொல்லியிருக்கிறார்... ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. மதியம் டயாலிசிஸ் வார்டுக்குள் நுழைந்ததும் நர்ஸ் சிஸ்டர் சொன்னார்.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. அக்காள்மடத்தில் மெயின் ரோட்டோரம் பழக்கடை வைத்திருந்தவர். எனக்குப் பக்கத்து பெட்.

இரண்டு பேருக்கும் கிட்னி போய்விட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ராமநாதபுரத்தில் மெஷினுக்குக் கையை நீட்டிப் படுத்திருப்போம். கல்யாணமோ திருவிழாவோ, எங்கே போனாலும் அடுத்த முறைக்குள் திரும்பிவிட வேண்டும். கயிறு எட்டும் தூரம்தான் ஊர்.

முதல் வாரம் அபிராமத்திலிருந்து என் மாமா பார்க்க வந்தார். பை நிறைய வாழைப்பழம், ஆரஞ்சு, கூடவே இளநீர். நான் ஒரு பழத்தை எடுத்து உரிக்கப் போனேன்.

"தம்பி, அதத் தின்னுறாதீங்க. நமக்கு ஆகாது."

பக்கத்து பெட்டிலிருந்து அக்காதான். அதுவரை அவரோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.

மாமாவுக்குக் கோபம். பழம் உடம்புக்கு நல்லதுதானே, டாக்டர்களே சொல்கிறார்களே என்றார். அக்கா சிரித்தார். "நான் பழக்கடைக்காரிண்ணே. நல்லதுன்னு சொல்லித்தான் தெனமும் விக்கிறேன்."

பிறகு நிதானமாக விளக்கினார். வாழைப்பழத்திலும் ஆரஞ்சிலும் இளநீரிலும் பொட்டாசியம் அதிகம். மற்றவர்களுக்கு அது நல்லது, மிஞ்சியதைக் கிட்னி வெளியே தள்ளிவிடும். எங்களுக்கு அது ரத்தத்திலேயே தங்கி இதயத்தை நிறுத்திவிடும். அவருக்கே இது பட்டுத்தான் தெரிந்ததாம். நோய் வந்த புதிதில், விற்காமல் கனிந்துபோன பழங்களை வீணாக்க மனமில்லாமல் சாயங்காலம் தின்று, ஒரு நாள் கடையிலேயே சரிந்து விழுந்திருக்கிறார்.

எங்களுக்கு அனுமதி ஆப்பிள். அதுவும் அளவாக. டப்பாவில் வெட்டிக் கொண்டுவந்து எனக்கும் நீட்டுவார். "எங்கிருந்தோ ஐஸ்ல வந்த பழம், ஒரு ருசியும் கெடையாது. நமக்குன்னு வாய்ச்சது இதுதான்" என்று அலுத்துக்கொண்டே மெல்லுவார்.

ஒரு முறை மனைவியோடு ராமேஸ்வரம் போகும்போது அவர் கடையில் இறங்கினோம். மாம்பழ சீசன். வாசனை ரோடு வரை வந்தது.

மாசமாக இருந்த ஒரு பெண்ணுக்குக் கொய்யா எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆரஞ்சைவிட இதில்தான் வைட்டமின் சி அதிகம், நன்றாகக் கழுவி, தோலோடு சாப்பிடு என்றார். வயிறு சரியில்லை என்று வந்தவருக்குப் பப்பாளி. அரை மனதாக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

எப்படிக்கா முடியுது என்று கேட்டேன்.

"அந்தப் பிள்ளைக்கு நல்லதுதானே தம்பி. எனக்கு ஆகலைங்கிறதுக்காகப் பழத்தக் கொற சொல்ல முடியுமா?" கொஞ்ச நேரம் மாம்பழங்களையே துடைத்துக்கொண்டிருந்தார். "வாசம் வந்தா வாய் ஊறும். அந்த எச்சிலத்தான் முழுங்கிக்கிருவேன். அதுக்குக் கணக்கு இல்லல்ல."

எங்களுக்குத் தண்ணீருக்கும் அளவு உண்டு. அதைத்தான் சொன்னார்.

போன மழைக்காலம்... அதை எழுதாமல் இருக்க முடியாது.

காற்று ஓங்கி அடித்ததில் பாம்பன் பாலத்தில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். ராமநாதபுரம் வர முடியாமல் அக்கா ராமேஸ்வரம் தீவுக்குள் மாட்டிக்கொண்டார். அவருக்கான முறை தவறியது. மறுநாளும் பாலம் திறக்கவில்லை. கூரை பறந்து, குடும்பத்தோடு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்.

அன்று மத்தியானம் போன் வந்தது. குரலே மாறியிருந்தது, மூச்சு வாங்கியது.

முகாமில் சாம்பார் சாதமும் வாழைப்பழமும் கொடுத்தார்களாம். சாம்பாரில் உப்பு, அதுவும் எங்களுக்கு ஆகாது என்று தொடவில்லை. முந்தின நாளிலிருந்து வெறும் வயிறு.

"பழத்த உரிச்சிட்டேன் தம்பி. கையில இருக்கு. ஒரு கடி கடிச்சா என்னாகும்?"

வேண்டாம்க்கா என்றேன். போனை வைக்காதீங்க என்றார். என்னென்னவோ பேசினேன். எங்கள் ஊர் மிளகாய் விலை, என் மகள் ஸ்கூல்... அவர் உம் கொட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் பழத்தைக் கொடுக்கும் சத்தம் கேட்டது. அதன் பிறகுதான் அழுதார்.

பாலம் திறந்ததும் ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். முகம் வீங்கி அடையாளமே தெரியவில்லை. உடனே மெஷினில் போட்டார்கள். மறுநாள் பேச்சு வந்தது.

"எந்தப் பக்கம் திரும்புனாலும் தண்ணி தம்பி. ஒரு மடக்கு குடிக்க ஏலல."

அதன் பிறகும் கடை திறந்தார். ஒரு முறைகூடத் தவறாமல் வார்டுக்கு வந்தார். நேற்று முன்தினம்கூட என்னைப் பார்த்து, கால் வீங்குது, தண்ணியக் கொறைங்க என்று திட்டினார்.

இன்று நாலு மணிக்கு அடக்கம். என் முறையை நாளைக்கு மாற்றித் தர முடியுமா என்று சிஸ்டரிடம் கேட்டேன். எடை பார்த்தார். காலை அமுக்கிப் பார்த்தார். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது.

"அந்த அக்காவே உங்கள விடமாட்டாங்க சார்" என்றார்.

படுத்துவிட்டேன். ஒரு கையால்தான் இதை டைப் செய்கிறேன். மெஷினில் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் காட்டுகிறது. தங்கச்சிமடத்தில் இந்நேரம் சர்ச்சிலிருந்து எடுத்திருப்பார்கள்.

போயிட்டு வாங்கக்கா... என்னால வர முடியல.