லூர்து போகும் வழியில் ஒரு திராட்சைத் தோட்டம்

1992 ஆகஸ்ட் 13, வியாழக்கிழமை. காலை 5.20க்கு வால்தம்ஸ்டோவில் எங்கள் கோயில் வாசலுக்கு எதிரே பஸ் வந்து நின்றது. நாற்பத்தொன்பது ஆசனங்கள், நாற்பத்தொன்பது பேர். லூர்து மாதாவின் திருத்தலத்துக்கு ஆளுக்கு 118 பவுண்ஸ். வழியில் தூர் என்ற நகரத்தில் ஓரிரவும் லூர்தில் இரண்டு இரவும் தங்குவது அதற்குள் அடக்கம். கட்லட்டும் இடியப்பமும் அடுக்கிய ஐஸ்கிறீம் பெட்டிகள் பஸ்ஸின் வயிற்றுக்குள் முதலில் ஏறின. அதன் பிறகுதான் ஆட்கள்.

பயண ஒழுங்கெல்லாம் செபமாலை அண்ணையின் பொறுப்பு. மன்னார்க்காரர், பிளேஸ்டோவில் பெற்றோல் நிலையம் ஒன்றில் வேலை. அவர் கையில் இருந்த பாதைத் திட்டம் மட்டும் என்னுடையது. யாழ்ப்பாணத்தில் இருபத்திரண்டு வருடம் இரசாயனம் படிப்பித்தவன் என்பதால், விசா விண்ணப்பம் நிரப்புவதிலிருந்து வரைபடம் கீறுவது வரை கோயிலில் எல்லாம் என்னிடம்தான் வரும். "மாஸ்ரர் கீறினால் பிழை வராது" என்பார்கள்.

அந்தத் திட்டத்தில் முப்பத்தைந்து கிலோமீற்றரை யாருக்கும் சொல்லாமல் செருகியிருந்தேன். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

லண்டனுக்கு வந்த பிறகு எனக்குக் கிடைத்த வேலை ஒரு வைன் கடையில். கல்லாவில் நிற்பது, பெட்டி இறக்குவது, தட்டுகளை நிரப்புவது. விற்பனைப் பிரதிநிதிகள் மாதிரிக்குத் திறந்து காட்டிவிட்டு விட்டுப்போகும் போத்தல்களின் மிச்சம் எங்களுக்கு. மற்றவர்கள் அதைத் தொட்டியில் ஊற்றினார்கள். நான் ஒரு தேக்கரண்டியில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பேன். பிறகு ஒரு கொப்பியில் தமிழில் குறிப்பேன்: நாவற்பழம், மழையில் நனைந்த சாக்கு, சுருட்டுப் பெட்டி, பென்சில் சீவல். எங்கள் ஆட்களுக்கு விஸ்கி என்றால் குடி, வைன் என்றால் பூசைக்குச் சுவாமியார் எடுக்கும் திராட்சை இரசம். இதைப் பற்றிப் பேச எனக்கு ஒருவரும் இல்லை. நூலகத்தில் புத்தகங்கள் எடுத்து வாசித்தேன். பிரான்சில் வைனுக்குப் பேர்போன செயின்ற் எமிலியோன் என்ற ஊரின் சுண்ணாம்பு மண்ணைப் பற்றி, அந்த மண்ணைக் காணாமலே, பாடம் நடத்தும் அளவுக்குத் தெரிந்துவைத்திருந்தேன்.

1992 பெப்ரவரியில் செபமாலை அண்ணை வந்து லூர்துக்கு வழி கீறச் சொன்னார். இல்ஃபோர்டில் எங்கள் குசினி மேசையில், 4.95 பவுணுக்கு வாங்கிய பிரெஞ்சு வீதி வரைபடத்தை விரித்தேன். கலேயிலிருந்து பாரிஸ், தூர், போர்தோ, லூர்து. போர்தோவுக்குச் சற்று முன்னால் கிழக்கே விலகினால் முப்பத்தைந்து கிலோமீற்றரில் செயின்ற் எமிலியோன். அந்த இடத்தில் என் விரல் நின்றுவிட்டது.

ஐந்து மாதம் திட்டம் போட்டேன். எந்தத் தோட்டம் சின்னது, எந்தத் தோட்டக்கார மதாம் வெளியாருக்குக் கதவு திறப்பாள், எந்த ஒழுங்கையில் பஸ் திரும்பும். அகராதியை வைத்துக்கொண்டு பிரெஞ்சில் மூன்று கடிதங்கள் எழுதினேன். ஒரு தோட்டத்திலிருந்து பதில் வந்தது. திட்டத்தாளில் அந்த இடத்துக்கு நேரே "காலை உணவு, கழிப்பறை: 45 நிமிடம்" என்று எழுதினேன். மற்றவர்கள் மர நிழலில் கட்லட் சாப்பிடும்போது நான் உள்ளே போய் நாலு வகை சுவைத்துவிட்டு வந்துவிடுவேன். அவ்வளவுதான் என் எண்ணம்.

மேசையின் மறுபக்கத்தில் றோசலின் இருப்பாள். என் மனைவி. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. முந்தின வருடம் அவளுக்கு முள்ளந்தண்டில் புற்றுநோய் என்று சொல்லியிருந்தார்கள்.

அவள் லூர்துக்குப் போக நினைத்தது சுகம் தேடி அல்ல. 1984இல் நான் ஜேர்மனி வழியாக லண்டனுக்குப் புறப்பட்டேன். மூன்று மாதம் என்னிடமிருந்து கடிதம் போகவில்லை. நான் உயிரோடு போய்ச் சேர்ந்தால் மடு மாதா கோயிலுக்கு நடந்து வருவதாக அவள் நேர்ந்துகொண்டாள். நான் போய்ச் சேர்ந்தேன். சண்டையில் மடுவுக்குப் போகும் பாதை மூடிவிட்டது. அவளும் லண்டனுக்கு வந்துவிட்டாள். பிறகு நடக்கவும் முடியாமல் போயிற்று. லூர்தில் அந்தத் தண்ணீரில் இறங்கி எழுந்தால் நேர்த்தி நிறைவேறும் என்று பங்குச் சுவாமியார் சொன்னார்; கடிதம் எழுதி, நோயாளருக்கான தண்ணீர்த் துறையில் 14ஆம் திகதி பின்னேரம் நாலு மணிக்கு அவளுக்கு ஓர் இடமும் எடுத்துத் தந்தார். அடுத்த நாள் மாதாவின் திருநாள். அன்றைக்கு வரும் சனத்துக்குள் அவளால் நிற்க ஏலாது.

"இஞ்சேருங்கோ, நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்திடுவமோ?" என்று கேட்டாள்.

"மூண்டேகாலுக்கே நிப்பம். நான் கணக்குப் பார்த்துத்தான் கீறியிருக்கிறன். நீர் யோசிக்காதையும்."

ஆகஸ்ட் 14, வெள்ளி. தூரிலிருந்து காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். சாரதி கெவின், எசெக்ஸ்காரன், ஐம்பது வயதிருக்கும். முதல் மணித்தியாலம் செபமாலைச் செபம் சொன்னோம். பிறகு பெடியள் பாட்டு. பிறகு எல்லோரும் நித்திரை. றோசலின் மூன்றாம் வரிசையில் வலப்பக்க யன்னலோரம், இடுப்புக்கு இரண்டு தலையணை வைத்து இருந்தாள். 9.50க்கு நெடுஞ்சாலையிலிருந்து விலகினோம்.

"மாஸ்ரர், உதென்ன பாதை?" என்றார் செபமாலை அண்ணை. "ரெண்டு பக்கமும் மிளகாய்த் தோட்டம் மாதிரிக் கிடக்கு."

"திராட்சை, அண்ணை. இஞ்சை நல்ல கழிப்பறை இருக்கு."

"கழிப்பறைக்கு இவ்வளவு தூரமோ? பிரெஞ்சுக்காரர் பொறுமைசாலியள்தான்."

10.30க்கு தோட்டத்தை அடைந்தோம். ஒழுங்கையின் ஓரம் எலுமிச்சைப் பச்சை நிறத்தில் மரங்கள், அவற்றின் கீழே பஸ். நாற்பது அடி தள்ளிக் கல்லுக் களஞ்சியம் ஒன்று, அகலக் கதவு விரியத் திறந்தபடி. மதாம் முன்துணி கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து இரண்டு கையையும் விரித்தாள். உள்ளே நீள மேசையில் வெள்ளை விரிப்பு. அதன்மேல் நாற்பத்தொன்பது கண்ணாடிக் கிளாஸ்கள்.

பஸ்ஸை நிறுத்த இடம் கேட்டபோது ஆட்களின் தொகையையும் எழுதியிருந்தேன். நாங்கள் எல்லோரும் சுவைக்க வருகிறோம் என்று அவள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். பாணும் பாற்கட்டியும் அறுத்து வைத்திருந்தாள்.

செபமாலை அண்ணை கிளாஸ்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மாஸ்ரர், இது என்ன பூசை?"

"வேண்டாமெண்டால் அவ மனம் நோகும், அண்ணை."

"மனம் நோகக்கூடாது. மாதா மன்னிப்பா" என்று சொல்லி ஒரு கிளாஸைக் கையில் எடுத்தார். அவருடைய மனைவி மரியம்மா மணந்து பார்த்துவிட்டு, "எங்கடை கோயில் இரசம் இதைவிட இனிப்பு" என்றாள். ஆனால் கிளாஸை வைக்கவில்லை. கால் மணிக்குள் களஞ்சியம் கலியாண வீடாகிவிட்டது. இடியப்பப் பெட்டிகள் மேசைக்கு வந்தன. மதாம் மீன் கட்லட் தின்று கண்ணீர் விட்டுச் சிரித்தாள்.

11.15க்கு நான் பஸ்ஸுக்குப் போனேன். றோசலின் இறங்கவில்லை, படி ஏறி இறங்குவது அவளுக்குக் கடினம்.

"எல்லாரும் வந்திட்டினமோ?"

"இல்லை. கொஞ்சம் பிந்தும் போலை. நான் அந்த வீட்டுக்குள்ளை போய் லூர்துக்கு ரெலிபோன் எடுத்துச் சொல்லிப்போட்டு வாறன். பத்து நிமிஷம்."

"ஓம். கெதியா வாங்கோ."

அது பொய். மதாம் அப்போதுதான் எனக்கென்று நிலவறையிலிருந்து மூன்று பழைய போத்தல்களைக் கொண்டுவந்து வைத்திருந்தாள். நான் எழுதிய கடிதம் அவளுக்குப் பிடித்திருந்ததாம். கொப்பியை விரித்தேன். ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்குப் பிடித்து நிறம் பார்த்தேன், சுழற்றி மணந்தேன், எழுதினேன். மதாம் ஒவ்வொரு வருடத்தின் மழையையும் வெயிலையும் பற்றிச் சொன்னாள். எட்டு வருடமாகத் தனியாக வாசித்ததெல்லாம் அன்றைக்குத்தான் ஒரு மனுசியின் வாயிலிருந்து பதிலாகக் கேட்டது. ஐம்பத்தெட்டு வயதில் அவ்வளவு சந்தோசமாக நான் இருந்ததில்லை என்பதையும் இங்கே மறைக்கக்கூடாது.

கெவின் இரண்டு தரம் வந்து கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான். "உன் ஆட்களை நீதான் கூப்பிட வேண்டும்" என்றான். நான் ஐந்து விரலைக் காட்டினேன். ஆட்கள் எல்லோரும் மாஸ்ரர் எழும்பட்டும் என்று காத்திருந்தார்கள். பாதை போட்டவர் இருக்கும்போது அவர்கள் ஏன் அவசரப்பட வேண்டும்?

புறப்பட்டபோது 1.20.

ஆசனத்தில் போய் இருந்தேன். பஸ்ஸுக்குள் எல்லோர் வாயிலும் ஒரே மணம். என் மணம் தனியாகத் தெரிந்திருக்காது.

"ரெலிபோன் கிடைச்சுதோ?" என்று கேட்டாள்.

"லைன் கிடைக்கேல்லை. இவ்வளவு நேரமும் உள்ளை நிண்டு எடுத்துப் பார்த்தன். கிடைக்கவே இல்லை."

அவள் என்னைப் பார்த்தாள். "ஓம்" என்றாள். பிறகு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

லூர்தை அடைந்தது 5.25க்கு. தண்ணீர்த் துறையின் வாசலில் நீல உடுப்புப் போட்ட தொண்டர் ஒருவர் கையை விரித்தார். மூடிவிட்டார்கள். நாளைக்கும் மறுநாளைக்கும் நோயாளருக்கு இடமில்லை. பொது வரிசையில் நிற்கலாம், ஐந்து மணித்தியாலம் ஆகும் என்றார். திருநாள் காலையில் றோசலின் அந்த வரிசையில் சக்கர நாற்காலியில் இருந்தாள். நாற்பது நிமிடத்தில் நோ தாங்க முடியாமல், "என்னைக் கொண்டு போங்கோ" என்றாள். திரும்பும் வழியில் ஆற்றங்கரைக் குழாயில் முகம் கழுவினாள். ஒரு பிளாஸ்ரிக் போத்தலில் தண்ணீர் பிடித்தாள். ஞாயிறு காலை ஏழு மணிக்கு பஸ் லண்டனுக்குப் புறப்பட்டது.

அடுத்த பெப்ரவரியில் அவள் போய்விட்டாள். அந்த "ஓம்"முக்குப் பிறகு அந்தத் தோட்டத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு மணி தவறியது தோட்டத்தால் அல்ல, பிறகு வீதியில் வந்த நெரிசலால் என்று கோயிலில் எல்லோருக்கும் நான் சொல்லியிருந்தேன். வைன் மயக்கத்தில் வழி முழுக்க நித்திரை கொண்டவர்கள், எல்லோரும் நம்பினார்கள். அதைவிட மோசம், அந்த இடம் அவர்களுக்குப் பிடித்துவிட்டது. ஒவ்வொரு வருடமும் பஸ் அங்கே நின்றது. அதற்கு "மாஸ்ரர் ஸ்ரொப்" என்று பெயரும் வைத்துவிட்டார்கள். நான் போகவில்லை. ஒவ்வொரு பெப்ரவரியும் செபமாலை அண்ணை வருவார். அதே பாதையைக் கீறிக் கொடுப்பேன்.

1997 ஆகஸ்டில் போனேன். ஆளுக்கு 139 பவுண்ஸ். அதே கோயில் வாசல், அதே 5.20. மூன்றாம் வரிசை வலப்பக்க யன்னலைக் கேட்டு வாங்கினேன். பக்கத்து ஆசனத்தில் யாரோ ஒருவருடைய குளிர்ச்சட்டைகள்.

இரண்டாம் நாள் 10.40க்கு அந்த மரங்களின் கீழே பஸ் நின்றது. ஆட்கள் இறங்கினார்கள். செபமாலை அண்ணை திரும்பி வந்தார்.

"என்ன மாஸ்ரர், உங்கடை ஸ்ரொப்பிலை நீங்களே இறங்கேல்லையோ? மதாம் கிழவி உங்களைத்தான் கேக்கிறா. 'கடிதக்காரர் எங்கை' எண்டு."

"நீங்கள் போங்கோ, அண்ணை. நான் இருக்கிறன்."

"சுகமில்லையோ?"

"அண்டைக்கு வீதியிலை நெரிசல் ஒண்டும் இல்லை, அண்ணை. நான்தான் குடிச்சுக்கொண்டிருந்தனான்."

அவர் ஆசனத்தின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "எல்லாரும்தானே குடிச்சனாங்கள்" என்றார் மெதுவாக. பிறகு இறங்கிப் போனார். களஞ்சியத்துக்குள் போகவில்லை, மரத்தடியில் நின்று சிகரெட் பற்றவைத்தார்.

நான் யன்னலால் பார்த்தேன்.

இந்தப் பஸ்களின் கண்ணாடிகள் வெளியே இருந்து பார்த்தால் கறுப்பு. அன்றைக்குக் களஞ்சியத்திலிருந்து பார்த்தபோது அந்தக் கறுப்புத்தான் எனக்குத் தெரிந்தது. உள்ளே இருப்பவருக்கு அவை வெறும் கண்ணாடி என்பதை, இருபத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்தவன், ஒருதரமும் நினைத்துப் பார்க்கவில்லை.

அகலக் கதவு யன்னலுக்கு நேரே திறந்திருந்தது. உள்ளே வெள்ளை விரிப்பு மேசை. அதன் தலைமாட்டில் நான் இருந்த வாங்கு. இப்போது வேறொருவர் அதில் இருந்தார். அவர் சிரித்தபோது பல் தெரிந்தது. கிளாஸைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்தார். வெளிச்சம் வருவது அந்த வாசலால். ஆகவே கிளாஸைப் பிடிக்கும் எவரும் இந்த யன்னலை நோக்கித்தான் பிடிக்க வேண்டும்.

நான் அவளுக்குச் சொன்ன வீடு அந்தப் பக்கத்திலேயே இல்லை, களஞ்சியம் மட்டும்தான். ரெலிபோன் எடுக்கப் போனவன் மேசைக்குத் திரும்பிப் போய் இருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு கிளாஸையும் அவளுடைய முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்து நிறம் பார்த்திருக்கிறேன். அதன் பிறகுதான் அவள் கேட்டாள், ரெலிபோன் கிடைச்சுதோ என்று. உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வழி விட்டுத்தான் கேட்டாள்.

கடிகாரத்தைப் பார்த்தேன். அவள் இருந்த அளவு நேரம் அந்த யன்னலில் நானும் இருப்பதென்று லண்டனிலேயே தீர்மானித்து வந்திருந்தேன். இரண்டு மணி ஐம்பது நிமிடம். புது சாரதி கண்டிப்பானவன்; ஒரு மணித்தியாலம்தான் தருவேன் என்று சொல்லியிருந்தான். சரி, அந்த ஒரு மணித்தியாலமாவது.

பதினெட்டாவது நிமிடத்தில் எழுந்து இடப்பக்க ஆசனத்துக்கு மாறினேன். அந்தப் பக்கம் பார்க்க ஒன்றும் இல்லை, திராட்சை மட்டும்தான்.