அம்மா எழுந்து நின்ற மத்தியானம்

நான் சிவில் டிப்ளமா முடித்த வருடம், 1972 வைகாசி. கண்டனூர்ப் பக்கம், எங்கள் வீட்டுக்குள்ளேயே நடந்தது இது.

சிவகங்கையில் அரசாங்க வரைவாளர் வேலை ஒன்று காலியாக இருந்தது. தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கிய இடம். படிப்பு இருந்தது, மார்க் இருந்தது, சாதியும் இருந்தது. மதம்தான் இடித்தது. எங்கள் சாதிக்காரர் கிறிஸ்தவராக இருந்தால் அந்தச் சலுகை கிடையாது. நாங்கள் தாத்தா காலத்திலேயே கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தவர்கள். ஆனால் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு இந்துப் பெயர், மாதா கோயிலில் இன்னொரு பெயர். எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான்.

சான்றிதழ் தருவதற்கு முன்னால் வருவாய் ஆய்வாளர் வீட்டுக்கே வந்து விசாரிப்பார் என்று தகவல் வந்தது.

“ஒரு மத்தியானந்தானே தாயி. நம்ம பாடு சாமிக்குத் தெரியாதா? கோவிச்சுக்காது” என்றார் அப்பா. அவர் கொத்தனார். கண்டனூரில் எத்தனையோ பெரிய வீடுகளுக்குச் சுண்ணாம்பு பூசியவர். மகள் படம் வரைந்து தர, மற்ற கொத்தனார்கள் கட்டுவார்கள் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

ஆய்வாளர் வருகிற நாள் காலையிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எதையும் வரிசைப்படுத்தித்தான் எனக்குச் செய்ய வரும். வாசல் நிலைக்கு மேலே சிலுவை. சுவரில் மாதா படம். அடுப்படி ஆணியில் செபமாலை. அம்மா கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியக் கயிறு. ஒவ்வொன்றாக எடுத்து அரிசிப் பானைக்குள் வைத்தேன். மாதா படம் இருந்த ஆணியில், எதிர்வீட்டுச் சின்னம்மா இரவல் தந்த முருகன் காலண்டர் ஏறியது.

“வெள்ளிக்கிழமை எனக்கு வேணும், பத்திரமாத் திருப்பிக் குடுத்துரணும். இன்னைக்கு மட்டுமாச்சும் கருவாடு வறுக்காதீக, முருகனுக்கு ஆகாது” என்று சிரித்துவிட்டுப் போனாள் சின்னம்மா.

என்னால் சிரிக்க முடியவில்லை. ஹாஸ்டலில் ஒருத்தி, “உங்க சாமிகிட்ட அப்படி என்னடி இருக்கு?” என்று கேட்டது அந்த நேரம் பார்த்து ஞாபகத்துக்கு வந்தது. சிஸ்டர்கள் படிக்க வைத்தார்கள், சின்ன வயதில் எனக்கு வந்த காய்ச்சல் வேண்டுதலில் போனது என்று அன்றைக்குச் சொல்லியிருந்தேன். இப்போது யோசித்தால், இரண்டுமே எனக்குக் கிடைத்ததைப் பற்றிய பேச்சு. கிடைத்ததைத்தான் எண்ணுவது என்றால் கிடைக்காததையும் எண்ண வேண்டும். கோயிலுக்குள்ளும் எங்கள் ஆட்களுக்கு இடது பக்கம்தான். கல்லறைத் தோட்டத்திலும் எங்களுக்குத் தனி மூலை. பிறகு எதற்காக இந்த வேதத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்? வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். பதில் வரவில்லை. ஆய்வாளர்தான் வந்தார்.

நடுத்தர வயது மனிதர். வெயிலில் சைக்கிள் மிதித்து வந்திருந்தார். பெஞ்சில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, முருகனை ஒரு தரம் பார்த்தார். அப்பா பக்கத்தில் கைகட்டி நிற்க, அம்மா மூலையில் சுவரோடு சுவராக நின்றாள். அம்மா ஒரு பெரிய வீட்டில் புறவாசல் வேலை பார்ப்பவள். அங்கே ஆச்சி வந்தால் எழுந்து நிற்பாள், கணக்குப்பிள்ளை வந்தால் நிற்பாள், அந்த வீட்டுப் பச்சைப்பிள்ளை தவழ்ந்து வந்தாலும் நிற்பாள்.

“உக்காருங்கம்மா, உங்க வீடுதானே இது” என்றார் அவர். இரண்டு மூன்று தரம் சொன்ன பிறகு அம்மா தரையில் உட்கார்ந்தாள்.

விசாரணை நல்லபடியாகவே போனது. குலசாமி எது என்றார், அப்பா சொன்னார். எந்தக் கோயிலுக்குப் போவீர்கள் என்றார். அதற்கும் அப்பாவிடம் பதில் தயாராக இருந்தது. ஆய்வாளர் பேனாவை மூடப் போனார்.

அப்போது உச்சி மணி அடித்தது.

எங்கள் மாதா கோயிலில் காலையும் உச்சியும் சாயங்காலமும் அடிக்கிற செப மணி. நான் மறைத்து வைத்த சாமான்களில் அது மட்டும் இல்லை. மணியை எந்தப் பானைக்குள் வைப்பது?

அம்மா முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றாள்.

தனக்காகத்தான் எழுந்தாள் என்று நினைத்து ஆய்வாளர் பதறினார். “அட, உக்காருங்கம்மா. நான் இன்னும் கிளம்பல. எனக்கு எதுக்கு எந்திரிக்கிறீக?”

“உங்களுக்கு இல்லைங்கய்யா” என்றாள் அம்மா, கண்ணை மூடிக்கொண்டே. கை நெற்றிக்குப் போய் மார்புக்கு வந்தது. உதடு அசைய ஆரம்பித்தது. அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

மணி ஓயும் வரை அந்த மனிதர் மூடப் போன பேனாவைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு அம்மாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “நான் எதையும் பாக்கலம்மா. படிச்ச பிள்ளை நீ. நீ சொல்றதத்தான் எழுதுவேன். நீங்க என்ன மதம்?”

அவர் நல்ல மனிதர், நான் தப்பிக்க ஒரு கதவைத் திறந்தே வைத்திருந்தார். அப்பாவின் கண் என் வாயிலேயே இருந்தது. நான் அம்மாவைப் பார்த்தேன். பயந்து எழுகிற அம்மாவை எனக்குத் தெரியும். தோள் குறுகி, கண் தரையில் இருக்கும். இது அவள் இல்லை. இவள் தோள் நேராக இருந்தது. ஆபீசர் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“நாங்க வேதக்காரங்கய்யா” என்றேன்.

“சொன்னா வேலை போயிரும், தெரியும்ல?”

“தெரியும்ங்கய்யா.”

எழுதிக்கொண்டு எழுந்தார். வாசலில் சைக்கிளைத் திருப்பும்போது அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். அம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவசரமாகப் பதில் கும்பிடு போட்டாள்.

வேலை போனது. அப்பா வெகுநாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மா மட்டும், “நான் உக்காந்தே இருந்திருக்கணுமோ?” என்று அடிக்கடி கேட்டாள். அந்த வெள்ளிக்கிழமை சின்னம்மா காலண்டரை வாங்க வந்து, “என்னத்தா, எங்க முருகன் ஒரு சாப்பாட்டு நேரங்கூட உங்க வீட்ல தங்கலையாக்கும்?” என்றாள். அதற்கு மட்டும் அப்பா சிரித்துவிட்டார்.

இப்போது காரைக்குடியில் ஒரு கான்ட்ராக்டரிடம் வரைபடம் போடுகிறேன். சம்பளம் குறைவு. சிவகங்கை பஸ்ஸைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. சாமி மாறினால் சாதியின் கஷ்டம் தீர்ந்துவிடும் என்று யார் கணக்குப் போட்டார்களோ என்று கோபம் வருகிறது. நான் செய்தது சரியா என்று இன்னும் சில நாள் தூக்கம் வருவதில்லை. ஆனால் ஏன் இந்த வேதத்தில் இருக்கிறாய் என்று யாராவது கேட்டால் இப்போது நான் எதையும் வரிசைப்படுத்துவதில்லை. ஊரில் எல்லாருக்கும் பயந்து எழுகிற என் அம்மா, பயமில்லாமல் எழுந்து நிற்பது அந்த ஒரு சாமிக்கு மட்டும்தான் என்று சொல்கிறேன்.