மேல் லயத்துக்கு வராத தேர்

கொழும்புத் துறைமுகத்தில் எந்தக் கப்பலை எங்கே, எப்போது நிறுத்துவது, அதற்கு எத்தனை பாரந்தூக்கிகள் என்று திட்டம் போடுவது என் வேலை. போன திருவிழாவுக்கு முன்பு, பசறைப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து கோயில் தலைவர் போன் பண்ணினார்.

"கப்பலுக்கே நேரம் குறிக்கிறீங்க தம்பி, நம்ம தேருக்கும் குறிச்சுக் குடுங்க."

அம்மாவுக்காகத்தான் ஒத்துக்கொண்டேன். எனக்கு வேலை கிடைத்தால், தேர் நம் வாசலுக்கு வரும்போது தன் கையாலேயே அம்மனுக்குப் பட்டுச் சாத்துவதாக அவர் வேண்டியிருந்தார். எங்கள் வீடு மலை உச்சியில், மேல் லயம் என்கிற தொழிலாளர் வீட்டு வரிசையில். கீழேயிருந்து கிளம்பும் தேர் நின்று நின்று வந்து, மழை பிடித்ததும் பாதியில் திரும்பிவிடும். வேலை கிடைத்து எத்தனையோ வருஷமாகியும் பட்டு பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

ஒவ்வொரு லயத்திலும் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று கறாராக எழுதிக் கொடுத்தேன். இந்தத் தடவை மழைக்கு முன்னால் வந்துவிடும் என்று அம்மாவிடம் அடித்துச் சொன்னேன்.

கீழ் லயங்களில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. எனக்கே நம்ப முடியவில்லை. பிறகு தேரை இழுத்து வந்த டிராக்டர் பாக்டரி வாசலில் நின்றது. தோட்டத்து மேனேஜர் பெரிய துரை இன்னும் வரவில்லையாம். அவர் பூசை முடியாமல் தேர் நகரக் கூடாதாம்.

"மேல போயிட்டு வர்றப்ப அவரு கும்பிடட்டுமே" என்றேன்.

"அது எப்படிங்க தம்பி? டிராக்டரே அவரு குடுத்ததுதானே" என்றார் தலைவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு எதற்கு ஐயா என்னிடம் திட்டம் கேட்டீர்கள்? துரை சாவகாசமாக வந்து, கும்பிட்டு, படம் பிடித்துக்கொண்டு போவதற்குள் மழை இறங்கிவிட்டது. அம்மன்மேல் தார்ப்பாயைப் போர்த்தித் தேரைத் திருப்பினார்கள்.

நனைந்துகொண்டே மேலே ஏறினேன். அம்மா தட்டில் பட்டோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். கோலம் கரைந்துகொண்டிருந்தது. நடந்ததையெல்லாம் கத்தித் தீர்த்தேன்.

"ஒரு மனுசன் பிந்தி வந்தா ஊரே நிக்கணுமா?"

"ஒங்க கப்பல்லயெல்லாம் அப்படி இல்லியாப்பா?" என்று கேட்டார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "அங்கயும் அப்படித்தாம்மா. பெரிய கம்பெனிக் கப்பல் பிந்தி வந்தாலும் அதுக்குத்தான் எடம். நேரத்துக்கு வந்த சின்னக் கப்பல் வெளிய கடல்ல நிக்கும்."

"பெறகு உள்ள விடுவீங்கல்ல?"

"விடுவோம்."

அம்மா பட்டை மடித்துப் பெட்டியில் வைத்தார்.